தகரத் தவளை திருவனந்தபுரம் போன கதை

என் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பேரன் பேத்திகளை வெளியே கூட்டிக்கொண்டு போனால் நீங்களும் தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பீர்களா, இல்லை இந்த வியாதி எனக்கு மட்டும்தானா?

சென்னையில் மகன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிள்ளைகளுக்கென்று ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். ஒரு வாரம் மிருகக்காட்சிசாலை. ஒரு வாரம் தலைக்கு மேலே சுறா நீந்துகிற கண்ணாடிக் குகை. இன்னொரு வாரம், வெளியே தார் உருகுகிற வெயிலில், உள்ளே பனியைக் கொட்டி வைத்திருக்கும் கூடம். அங்கே வாடகைக்குக் கம்பளிக் கோட்டு கொடுத்தார்கள். பிள்ளைகள் பனியை அள்ளி ஒருவர் மேல் ஒருவர் எறிந்தார்கள். எனக்குப் பனி கண்ணில் படவில்லை. அந்தக் கூடத்துக்கு எத்தனை வாசல் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நிறக் கோட்டு மாட்டிவிட்டால் நம் பிள்ளை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"அப்பா, ஒரு இடத்துலயாவது நீங்க ரசிச்சுப் பாத்திருக்கீங்களா?" என்றான் மகன்.

"எல்லாரும் வெளிய வந்தப்புறம் ரசிச்சுக்கிடுதேன்" என்றேன்.

இந்த வியாதி எனக்கு எங்கே ஒட்டியது என்று தெரியும். சிறு வயதில் ஒரு சாரல் பருவத்தில், திருவனந்தபுரத்தில், மிருகக்காட்சிசாலையில் ஒட்டியது. அங்கேதான் என் தங்கை காணாமல் போனாள். யாரும் பயப்பட வேண்டாம், கிடைத்துவிட்டாள். நான் இதை எழுதும்போது அடுத்த அறையில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறாள். தெருவுக்கே கேட்கிறது.

அப்போது எங்கள் வீடு தென்காசியில், கோயிலுக்குப் பின்னால் இருந்தது. கோபுரம் இன்றிருப்பது போல் இல்லை. மொட்டையாக, நடுவில் பிளந்து, பிளவில் செடி முளைத்து நின்றது. அப்பா செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதினார். மலைக்கு அந்தப்பக்கத்திலிருந்து லாரியில் வரும் தடிகளுக்கு எண் போடுவது அவர் வேலை. வீட்டில் அப்பா, அம்மா, நான், தங்கை, அப்பாவின் அக்காவாகிய அத்தை. கணவனை இழந்து எங்களோடு வந்துவிட்ட அத்தைதான் வீட்டுக்குச் சட்டம்.

தங்கைக்கு ஆறு வயது. அவளைப் பற்றி வீட்டில் ஒரு கவலை இருந்தது. கூப்பிட்டால் வரமாட்டாள். தண்ணீர் கொண்டுவா என்றால் விழித்துக்கொண்டு நிற்பாள். சின்ன வயதில் கலகலவென்று பேசியவள், பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஒன்றாம் வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்தும் ஓர் எழுத்து ஏறவில்லை. பள்ளிக்கூடத்து டீச்சர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "நல்ல பிள்ளதான், ஆனா மந்தமா இருக்கா. சும்மா உக்காத்தி வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டார்.

"பொட்டப்பிள்ளைக்கு என்ன, வீட்டோட இருந்துட்டுப் போறா" என்றாள் அத்தை. "எனக்கும் ஒத்தாசையா இருக்கும்."

அன்று இரவு அம்மா ஆக்கிய சாப்பாட்டில் உப்பு இல்லை.

அப்பாவின் முதலாளி, திருவனந்தபுரத்தில் தனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் இருப்பதாகச் சொன்னார். அப்பா யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். டாக்டரிடம் காட்டுவது, அவரும் மந்தம் என்று சொல்லிவிட்டால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவது. எங்களிடம், "பட்டணத்துல புலி, சிங்கம்லாம் பாக்கப் போறோம்" என்று மட்டும் சொன்னார்கள். ஆனால் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எது ரகசியம்? எனக்குத் தெரியும். தங்கைக்குத்தான் தெரியாது.

இதைச் சொல்லும்போது அருவியையும் சொல்ல வேண்டும். சாரல் தொடங்கிவிட்டால் வாரம் ஒருமுறை குற்றாலத்து ஐந்தருவிக்குப் போவோம். போவதற்கு முன் அத்தை எங்களை வரிசையாக உட்காரவைத்து, சூடு காட்டிய நல்லெண்ணெயைத் தலையில் வைத்துத் தட்டுவாள். தலைக்குப் பிறகு காது. காதில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கும்போது ஊரே தண்ணீருக்குள் போய்விட்டது போலிருக்கும். அதன் மேல், அருவித் தண்ணீர் உள்ளே போகாமலிருக்கப் பஞ்சு. நான் தெரு திரும்புவதற்குள் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிடுவேன். தங்கை சொன்னதைக் கேட்கிறவள். அவளுக்கு அத்தை விரலால் இன்னும் கொஞ்சம் அழுத்தியே வைப்பாள். எங்கள் இருவரில் அத்தைக்குப் பிடித்தது அவளைத்தான்.

அருவியில் பார்த்தால் என் தங்கையை மந்தம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அங்கே இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்காது. எல்லோருமே கையால்தான் பேச வேண்டும். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா ஒரு விரலை ஆட்டினால், நான் புரியாமல் நிற்பேன். தங்கை துண்டை எடுத்துக்கொண்டு ஓடுவாள். உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்துச் சுற்றினால் "தலை துவட்ட வா" என்று அர்த்தம். இதெல்லாம் அவள் உண்டாக்கியதுதான்.

"தண்ணியக் கண்டா மட்டும் இவளுக்குப் புத்தி வருது, பாத்தியா?" என்று அத்தை அதிசயப்படுவாள். அப்பாவும் தலையாட்டுவார். மூன்று பெரியவர்கள் கூடியிருந்தும், ஏன் அங்கே மட்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எழுபது வயதுக்கு மேல் எனக்கு அது வேடிக்கையாக இருக்கிறது.

அருவியில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சின்னப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் போய் வருவார்கள். கூட்டத்தில் யாராவது தவறிவிட்டால் தேடிக்கொண்டு அலையக்கூடாது. துணி வைத்திருக்கும் இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். ஐந்தருவிக் கூட்டத்தில் பிள்ளை வளர்க்கிற எல்லா வீட்டிலும் இதைச் சொல்லித்தான் கூட்டிப்போவார்கள்.

அந்த வருடம் ஐந்தருவிக் கடையில் அப்பா எனக்குச் சிவப்புத் தாள் ஒட்டிய கண்ணாடி வாங்கித் தந்தார். தங்கைக்கு ஒரு தகரத் தவளை. பச்சை வர்ணம், மஞ்சள் கண். வயிற்றில் ஒரு தகடு. கட்டைவிரலால் அழுத்தினால் "டக்", விட்டால் "டக்". அவள் அதை அழுத்திப் பார்த்துவிட்டு முகம் வாடிப் போனாள். பிறகு எப்படியோ கண்டுபிடித்தாள். தவளையைப் பல்லால் கடித்துக்கொண்டு அழுத்தினாள். முகம் மலர்ந்தது. அதிலிருந்து எந்நேரமும் தவளை வாயில்தான். வர்ணம் உதட்டில் ஒட்டியிருக்கும்.

"ஆறு வயசாச்சு, இன்னும் கண்டதையும் வாயில வைக்குதா. பால்குடியா ஏட்டி நீ?" என்று அத்தை பிடுங்கி வைப்பாள். அம்மா திரும்பக் கொடுத்துவிடுவாள்.

திருவனந்தபுரத்துக்கு அந்தத் தவளையும் வந்தது. செங்கோட்டை தாண்டி ரயில் மலை ஏறியதும் ஜன்னலுக்கு வெளியே எல்லாம் பச்சை. குகைக்குள் வண்டி நுழையும்போது பெட்டி முழுக்கக் கரிப்புகை. நான் சிவப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்ததால் மலை பற்றி எரிவது போலிருந்தது. மற்ற பிள்ளைகள் குகையில் "ஓ" என்று கத்தினார்கள். தங்கை தவளையைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அன்று சாயங்காலம் போய்ச் சேர்ந்து, முதலாளிக்குத் தெரிந்தவர் வீட்டில் தங்கினோம். டாக்டரைப் பார்ப்பது மறுநாள் மத்தியானம். காலையில் மிருகக்காட்சிசாலை.

வாசலில் சாப்பாட்டுக் கூடையை உள்ளே கொண்டுபோக விடவில்லை. குரங்கு பிடுங்குமாம். புளியோதரை, துவையல், வாழையிலைக் கட்டு, மாற்றுத் துணி எல்லாம் அந்தக் கூடையில்தான். வாசல்காரர் தன் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியைக் காட்டினார். அத்தைக்கு அரைமனதுதான். "அவம் தின்னுற மாட்டானா?" என்று அவருக்கே கேட்கும்படி கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டு, "அம்மா, எனிக்குப் புளி ஆகாது" என்றார்.

அவ்வளவு பெரிய மரங்களை அதற்கு முன் ஒரு தோட்டத்துக்குள் நான் பார்த்ததில்லை. ஈரச் சருகும் மிருகச் சாணமும் கலந்த வாடை. நீர்யானை தண்ணீருக்குள்ளேயே கிடந்தது. அப்பா அதன் எடை எத்தனை தடிக்குச் சமம் என்று யோசித்தார். குரங்குக் கூண்டுக்கு முன் நின்றபோது, எங்கோ தூரத்தில் சிங்கம் கர்ஜித்தது. கூட்டத்தில் எல்லாத் தலையும் அந்தப்பக்கம் திரும்பியது. ஒரு கைக்குழந்தை வீறிட்டது. தங்கை மட்டும் குரங்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பயங்கூட தெரியல்ல பாரு இதுக்கு" என்று அத்தை மெதுவாக அப்பாவிடம் சொன்னாள். அப்பாவின் முகம் சுருங்கியது. மத்தியானத்தை நினைத்திருப்பார்.

அதன் பிறகு நடந்தது எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் நடக்கும். பாதை இரண்டாகப் பிரிந்தது. யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் நானும் ஒரு பக்கம், அம்மாவும் அத்தையும் ஒரு பக்கம் நடந்துவிட்டோம். ஆணும் பெண்ணும் பிரிந்து போய்ப் பிறகு ஓரிடத்தில் கூடுவது அருவியில் பழகிய பழக்கம். கால் தானாகப் போய்விட்டது. நாங்கள் புலியைப் பார்த்தோம். அவர்கள் மயிலையும் கிளியையும் பார்த்தார்கள். குளத்தங்கரையில் சந்தித்தோம்.

"அவ எங்க?" என்றார் அப்பா.

"உங்ககூடல்லா வந்தா?" என்றாள் அம்மா.

"உங்கூடல்லா நின்னா!"

நான் எண்ணினேன். நாலு தலை. மறுபடி எண்ணினேன். நாலுதான்.

அப்பா பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினார். அத்தை குற்றாலநாதருக்கு நேர்ந்துகொண்டே ஓடினாள். நேர்ச்சை ஓடஓட வளர்ந்தது; தேங்காயில் தொடங்கி, கரடிக் கூண்டருகே வரும்போது மொட்டையாகிவிட்டது. அம்மா கத்தவில்லை. கம்பி போட்ட ஒவ்வொரு குழியாக எட்டிப் பார்த்தாள். கடலை விற்ற ஒருவரிடம் அப்பா கேட்டார். அவர் மலையாளத்தில் சொன்ன பதில் புரியாமல் அப்பா அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். பாவம், அவர் காட்டிய திசை சரியான திசைதான் என்று பிறகு தெரிந்தது. வாசல் பக்கம் கையைக் காட்டியிருக்கிறார்.

அம்மாதான் சட்டென்று நின்றாள். "துணி" என்றாள். "துணி வச்ச எடம்."

வாசலுக்கு ஓடினோம். மரத்தடியில் கூடைக்குப் பக்கத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தூறல் படாமல் கூடையைத் தன் பாவாடை நுனியால் மூடியிருந்தாள். வாசல்காரர் தன் குடையை விரித்து அவள் தலைக்கு மேல் சாத்தி வைத்திருந்தார்.

அப்பா கூப்பிட்டார். திரும்பவில்லை. இன்னும் பக்கத்தில் போய்க் கூப்பிட்டார். திரும்பவில்லை. பயம் அடங்கின இடத்தில் அவருக்குக் கோபம் வந்து உட்கார்ந்துவிட்டது. "தொண்ட கிழியக் கத்துதேன், கல்லுப்பிள்ளையாரு மாதிரி இருக்கா பாரு!" என்று கையை ஓங்கிவிட்டார்.

அம்மா நடுவில் வந்து நின்றாள். அப்பா முன்னால் அம்மா குரல் உயர்த்தி நான் கேட்டது அன்றுதான்.

"துணிகிட்ட வந்து நிக்கணும்னு நாமதான சொல்லிக்குடுத்தோம்? இது குத்தாலமா, நமக்குத் தெரிஞ்ச எடமா? மொழி தெரியாத ஊருல அத ஞாபகம் வச்சு, வழி கண்டுபிடிச்சு வந்து உக்காந்திருக்கா. நீங்களும் நானும் கரடிக் கூண்டச் சுத்திக்கிட்டு அலையுதோம். இதுக்கு மேல எம்பிள்ளைக்கு என்ன புத்தி வேணும் உங்களுக்கு?"

அப்பா கை இறங்கியது. தங்கை இப்போதுதான் எங்களைப் பார்த்தாள். எழுந்து வந்து, அம்மாவைப் பார்த்து உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்துச் சுற்றினாள். அம்மாவின் தலை தூறலில் நனைந்திருந்தது.

அந்த மரத்தடியிலேயே புளியோதரையைச் சாப்பிட்டோம். வாசல்காரருக்கு அத்தை முதல் இலை போட்டாள். புளி ஆகாதவர் மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டார்.

டாக்டர் வயதானவர். வீட்டிலேயே பார்த்தார். அப்பா ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்: கூப்பிட்டால் வரமாட்டாள், பாடம் ஏறாது, டீச்சர் சொன்னது, இன்றைக்கு நடந்தது. டாக்டர் "உம், உம்" என்றபடி அப்பாவைப் பார்க்காமல் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு, தவளையைப் பல்லில் கடித்து, டக் டக்கென்று அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எந்தா மோளே, தவளையைத் தின்னுமோ?" என்றார்.

அத்தைக்கு வெட்கமாகிவிட்டது. "எப்பவும் இப்பிடித்தாங்க, வாயில வச்சுக்கிட்டே..."

டாக்டர் கையைக் காட்டி அத்தையை நிறுத்தினார். தவளையை வாங்கி, தங்கையின் முதுகுக்குப் பின்னால் வைத்து அழுத்தினார். அவள் அசையவில்லை. பிறகு அதைக் காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பில் வைத்து அழுத்தினார். அவள் சிரித்தாள்.

"பல்லு வழியா கேக்குது குட்டி" என்றார். "காது வழி அடைஞ்சிருக்கு. அவ்வளவுதான்."

பிறகு வெந்நீரும் பெரிய பித்தளைப் பீச்சாங்குழலும் வந்தன. அம்மா தங்கையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் ஒரு காதில் தண்ணீரைப் பீச்சினார். கீழே கிண்ணம் பிடித்திருந்தது நான். முதலில் வெறும் தண்ணீர். அப்புறம் கலங்கலாக எண்ணெய். அப்புறம் குன்றிமணி அளவில் கறுப்பாக ஒன்று விழுந்தது. இன்னொரு காதிலிருந்து அதைவிடப் பெரியது. டாக்டர் இடுக்கியால் எடுத்துப் பிரித்துக் காட்டினார். இரண்டு சாரலாக வைத்த பஞ்சு, எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து இறுகிப் போனது.

அத்தை குனிந்து பார்த்தாள். "இது நம்ம வீட்டுப் பஞ்சுல்லா!" என்றாள். அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா தங்கையின் முகத்தைத் திருப்பி, எப்போதும் அவளிடம் பேசுகிற மாதிரியே உரக்க, "வலிக்குதாட்டி?" என்று கேட்டாள்.

தங்கை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். "ஏம்மா கத்துத?" என்றாள்.

டாக்டர்தான் முதலில் சிரித்தார். பிறகு அப்பா. அப்பா சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் போய் வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா மடியில் இருந்தபடியே தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள்: "அது என்ன சத்தம்? அது என்ன?" மேலே மின்விசிறி. வாசலில் சைக்கிள் மணி. டாக்டர் வீட்டு அடுக்களையில் யாரோ தேங்காய் துருவும் சத்தம்.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். கடலை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். தங்கை அப்பாவின் தோளில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மறுநாள் திரும்பும் ரயிலில் அப்பா தவளையைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவள் ஜன்னல் பக்கம் பார்க்கும்போது பின்னாலிருந்து "டக்" என்பார். அவள் திரும்புவாள். கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி "டக்". மறுபடி திரும்புவாள். அவருக்குப் போதவில்லை. புனலூர் போய், தென்மலை போய், ஆரியங்காவுக் குகை வருவதற்குள் தவளையின் வயிற்றுத் தகடு ஒடிந்துவிட்டது.

"ஒடிச்சிட்டீங்களா?" என்றாள் அம்மா.

"வேற வாங்கிக்கிடலாம்ட்டி" என்றார் அப்பா. அடுத்த சாரலில் ஐந்தருவிக் கடைகளில் தேடினோம். குருவி இருந்தது, குரங்கு இருந்தது. அந்தப் பச்சைத் தவளை வரவில்லை.

டீச்சர் அவளை மறுபடியும் ஒன்றாம் வகுப்பில்தான் உட்காரவைத்தார். அந்த வருடம் முடியுமுன் அவளே மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பின்னாளில் கணக்கு டீச்சராகவே ஆனாள். திருவனந்தபுரத்திலிருந்து வந்த மறு வாரம் அருவிக்குப் போனதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் தலையோடு நின்றது. வண்டி ஐந்தருவியை நெருங்கும்போதே தங்கை அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டாள். தண்ணீரில் முதல் ஆளாக இறங்குகிறவள், "பயமாருக்கு, எனக்கு வேண்டாம், இரையுது" என்று வீறிட்டு அழுதாள். இரண்டு சாரலாக அதன் அடியில்தான் நின்றிருக்கிறாள். சத்தம் அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டிருக்கிறது. பிள்ளை அப்படி அழ, ஒரு குடும்பம் முழுக்க அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. அத்தைதான் சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மொட்டையும் போட்டுக்கொண்டாள்; கரடிக் கூண்டருகே நேர்ந்தது.

போன வாரம் ஐந்தருவிக்குப் போயிருந்தோம். சென்னைப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். படகு விட்டார்கள், பூங்காவில் சறுக்கினார்கள், மிளகாய் பஜ்ஜி தின்று கண்ணீர் விட்டார்கள். குளிக்கும்போது துணிக்குக் காவல் நான். வயதில் மந்தமாகிவிட்ட என் காதுக்கான கேட்கும் மெஷினை நனையாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். தலைகளை எண்ணினேன். ஒன்று குறைந்தது. சின்னப் பேத்தியைக் காணோம். மறுபடி எண்ணினேன். எழுந்து நின்று, ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் மாறிமாறிப் பார்த்து, பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து, ஈரச் சேலையோடு என் தங்கை வேகமாக வந்தாள். என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். எனக்குப் பின்னால், துணிப் பையை ஒட்டி, பேத்தி நின்றுகொண்டிருந்தாள். என் வேட்டி நுனி அவள் கையில் இருந்தது. தவறினால் துணிக்குப் பக்கத்தில் போய் நில் என்று அவள் அத்தைப்பாட்டியான என் தங்கை சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பேத்தியும் அப்படியே வந்து நின்றிருக்கிறாள்.

என் காதுக்குள் வாயை வைத்துத் தங்கை கத்தினாள். மெஷின் இல்லாமலே கேட்டது.

"ஏண்ணே, பிள்ள எவ்வளவு நேரமா தாத்தா தாத்தான்னு கூப்பிடுதா! காதுல என்ன, பஞ்சா வச்சிருக்க?"